காலம் அறிந்த தலைமை

(வேங்கிக்காலில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

மாறிவரும் காலத்தில் தலைமை ஏற்போர் எவ்வாறு தம்மை இணக்கிக்கொள்ள வேண்டும் என்பது இன்றைய உரைக்குத் தரப்பட்ட பொருள். இதே பொருளில் நிறுவனங்கள்தோறும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அங்குக் கூறப்படுவன பெரும்பாலும் வாணிபத்துக்கு உரியவை. சந்தை மாறினால் சரக்கை மாற்றிக்கொள் என்பதே அவற்றின் சாரம். ஒரு சமயச் சமூகத்துக்கு அவ்வறிவுரை போதாது. சரக்கையே மாற்றிவிட்ட பின் கடை எதற்கு என்ற கேள்வி இங்கு எழுந்துவிடும். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று பிரித்தறிவதே இங்குத் தலைவரின் முதற்பணி.

தமிழ்ச் சமணர்க்கு இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. உயிரைப் பணயம் வைத்து இதற்கு விடை கண்ட முன்னோர்கள் அவர்களுக்கு உண்டு. அவ்வரலாறு நிகழ்ந்த நிலமும் தொலைவில் இல்லை. திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் பயணம் செய்தால் செஞ்சிக் கோட்டை கண்ணில் படும். அதற்கும் அப்பால் திண்டிவனம் வரையுள்ள சிற்றூர்களே அந்த வரலாற்றின் களம்.

1906-ஆம் ஆண்டு வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரில், டபிள்யூ. பிரான்சிஸ் என்னும் ஆங்கில அதிகாரி, சமணரிடையே வழிவழியாக வழங்கிவந்த செய்தி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். பாட்டன் பாட்டியரிடம் அதனைக் கேட்டு வளர்ந்தோர் இவ்வவையிலும் இருக்கக்கூடும். 1478-ஆம் ஆண்டளவில் வேங்கடபதி என்னும் மன்னன் செஞ்சியை ஆண்டான். அவன் அந்தணரிடம் பெண் கேட்டான். சமணர் பெண் கொடுத்தால் தாமும் கொடுப்பதாகக் கூறி அவர்கள் ஒதுங்கிக்கொண்டனர். மன்னன் சமணரிடம் கேட்டான். தம்மிலும் தாழ்ந்த குலத்தவன் என்று தாம் எண்ணிய ஒருவனுக்குப் பெண் கொடுக்க அவர்களுக்கு மனம் இல்லை. முகத்துக்கு நேரே மறுக்கத் துணிவும் இல்லை. கூடிப் பேசினர். இசைவது போல் இசைந்து நாளும் குறித்தனர். மணநாளன்று மன்னன் பரிவாரத்தோடு வந்து இறங்கியபோது வீடு வெறிச்சோடிக் கிடந்தது. திண்ணைத் தூணில் ஒரு பெண் நாய் மட்டும் கட்டப்பட்டிருந்தது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மன்னனின் கொடுமைக்கு விரைந்து சென்றுவிடுவார்கள். நாயைக் கட்டிய கூட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அன்று கூடியவர்களும் தலைவர்களே. ஊரில் மதிப்புப் பெற்ற பெரியவர்களே. தம் முன்னே நிற்கும் அரசு எத்தகையது, காலம் எத்தகையது, அவமதிப்பின் விலையை யார் கொடுக்கப் போகிறார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மறுப்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மறுத்த முறையில் பழிப்பும் குலச்செருக்கும் கலந்திருந்தன. அகிம்சை என்பது கத்தியை எடுக்காமல் இருப்பது மட்டும் என்று கருதியவர்கள் செய்த செயல் அது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் கூட்டத்தில் இல்லாத எளிய குடும்பத்தினர்.

வெகுண்ட மன்னன் சமணர் தலைகளைக் கொய்ய ஆணையிட்டான். சிலர் கொல்லப்பட்டனர். சிலர் நாட்டை விட்டு ஓடினர். சிலர் மறைவாகத் தம் சமய ஒழுக்கத்தைக் காத்தனர். மற்றும் பலர் பூணூலைக் களைந்து, நெற்றியில் நீறு பூசி, சைவராக உயிர் பிழைத்தனர். நீறுபூசி வேளாளர் என்ற பெயர் அவர்கள் வழியினர்க்கு நின்றுவிட்டதாகக் கெசட்டியர் கூறுகிறது.

இதன்பின் இருவரின் கதை தொடங்குகிறது. ஒருவர் வீரசேனாச்சாரியர். திண்டிவனத்தை அடுத்த வேலூரில், ஒரு கிணற்றினுள் இறங்கித் தம் சமயக் கிரியையைச் செய்துகொண்டிருந்தபோது அரசனின் ஆட்கள் அவரைக் கண்டுவிட்டனர். கோட்டை உள்ள வேலூர் அன்று இது, பெயரொத்த சிற்றூர். அரசன் முன் இழுத்துச் செல்லப்பட்ட அவர் தப்பியது தற்செயலே. அப்போதுதான் அரசனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மகிழ்ச்சியில் அவரை விடுவித்தான். சாவின் வாயிலிலிருந்து மீண்டவர் துறவு பூண உறுதி கொண்டு, சிரவணபெளகொளா சென்று அங்கே ஆகமங்களைக் கற்றார்.

மற்றவர் தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் என்று வழங்கப்படும் இல்லறத்தார். அவர் ஓடிப்போய் உடையார்பாளையம் ஜமீன்தாரிடம் அடைக்கலம் புகுந்தார். ஜமீன்தார் ஆதரித்து நிலமும் அளித்தார். நிலம் கிடைத்தது, காவல் கிடைத்தது, தெற்கே யாரும் அவரைத் தேடி வரப்போவதில்லை. அங்கேயே இருந்திருந்தால் அவரைக் குறை கூற ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர் இருக்கவில்லை. சிரவணபெளகொளா வரை சென்று வீரசேனாச்சாரியரை அழைத்துக்கொண்டு, தாம் தப்பி ஓடிய அதே செஞ்சி நாட்டுக்குத் திரும்பினார். இருவரும் ஊர் ஊராகச் சென்று, சமயம் மாறியிருந்தவர்களை மீண்டும் பழைய அறத்துக்கு அழைத்தனர். அவ்வழைப்புக்குப் பலர் செவிசாய்த்தனர். இன்று தென்னார்க்காட்டிலும் வட ஆர்க்காட்டிலும் ஜினாலயங்களில் விளக்கு எரிவதற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம்.

அவ்விருவரும் யாரிடம் சென்றார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பூணூலைக் கழற்றியவர்களிடம் சென்றார்கள். நெற்றியில் நீறு பூசியவர்களின் வாசலில் நின்றார்கள். சென்றவர்கள் எத்தகையவர்கள்? ஒருவர் கிணற்றுக்குள் ஒளிந்து பூசை செய்தவர். மற்றவர் ஊரை விட்டு ஓடியவர். நீ ஏன் மாறினாய் என்று கேட்கும் தகுதி தமக்கு இல்லை என்பதை அவர்கள் அறிந்திருப்பார்கள். அச்சத்தைத் தாமும் சுவைத்தவர்கள் ஆதலால் அஞ்சியவர்களை அழைக்க அவர்களால் முடிந்தது. நின்று மடிந்த வீரர்களின் வழியில் வந்த ஒருவர் அவ்வாசலில் நின்றிருந்தால், அழைப்பு பழிச்சொல்லாக மாறியிருக்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. துறவியின் கல்வி மட்டும் இப்பணிக்குப் போதவில்லை. இல்லறத்தாரின் முயற்சி மட்டும் இருந்திருந்தாலும் போதியிராது. ஆகமம் அறிந்தவர் தொலைவில் இருந்தார். ஊரையும் உறவையும் அறிந்தவர் அவரைத் தேடிச் சென்றார். தம்மிடம் இல்லாதது எவரிடம் உள்ளது என்று கண்டு, அவரை முன்னிறுத்தித் தாம் உடன் நடந்த காங்கேய உடையாரின் பண்பு தலைமைப் பண்புகளுள் அரிதானது. அவர் வழியினர்க்கு விழாக்களில் முதல் வெற்றிலை பாக்கு தரும் வழக்கமும், மேல்சித்தாமூர் மடாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மையான பங்கும் இருந்ததைக் கெசட்டியர் குறித்திருக்கிறது. அம்மடாதிபதியைச் சித்தாமூர், வீரணாமூர், விழுக்கம், பெரமண்டூர், ஆலகிராமம், வேலூர், தாயனூர் முதலிய ஊர்களின் பிரதிநிதிகள் கூடித் தேர்ந்தெடுத்தனர் என்பதும் அதில் உள்ளது. வாக்குரிமை என்ற சொல்லே பரவாத நாளில் ஊர்கள் கூடித் தம் சமயத் தலைவரைத் தேர்ந்தெடுத்த முறை இது.

நீறு பூசிப் பிழைத்தவர் செய்தது சரியா, தவறா? இவ்வினாவுக்கு ஜைன தத்துவத்திலேயே விடை தேடலாம். உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தில் உள்பொருளின் இலக்கணத்தை மூன்றாக வகுத்தார்: தோன்றுதல், மறைதல், நிலைத்தல். மூன்றும் ஒருங்கே இருப்பதே மெய்ப்பொருள். காஞ்சியோடு தொடர்புபடுத்திப் பேசப்பெறும் சமந்தபத்திரர் தம் ஆப்தமீமாம்சையில் இதனைப் பொன்னால் விளக்கினார். பொற்குடத்தை அழித்து மகுடம் செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான்; மகுடத்தை விரும்பியவன் மகிழ்கிறான்; பொன்னை விரும்பியவன் இரண்டும் இன்றி நடுநிலையில் நிற்கிறான். குடம் போயிற்று, மகுடம் வந்தது, பொன் அப்படியே இருக்கிறது.

பூணூலும் நெற்றிக்குறியும் குடமும் மகுடமும் போன்றவை. உயிர்க்கொலை செய்யாமையும், நல்ஞானமும் நற்காட்சியும் நல்லொழுக்கமும் பொன். மாறுங்காலத் தலைவர் பொன்னை விரும்புபவராக இருந்தால் குடம் உருகும்போது கலங்கமாட்டார். குடத்தை விரும்புபவராக இருந்தால் ஒவ்வொரு மாற்றத்தையும் இழவாகவே காண்பார். இதற்கு எதிரான பிழையும் உண்டு. புதிய மகுடத்தின் மினுக்கில் மயங்கி, உலையில் இடும்போது செம்பு கலந்துவிட்டதைக் கவனியாமல் இருப்பது அது. ஆன்றோர் ஒரு செயலைத் துணியுமுன் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் நோக்கச் சொன்னதன் பயன் இங்கே தெரியும். எப்பொருள், எவ்விடம், எக்காலம், எம்மனநிலை என்று கேளாமல் எதனையும் விதிக்கவோ விலக்கவோ கூடாது.

செஞ்சி நிகழ்ச்சிக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பின் கும்பகோணத்தில் வேறொரு வகைச் சோதனை வந்தது. 1880-இல் அங்குக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரைச் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியின்பால் திருப்பினார். சைவச் சூழலில் வளர்ந்து திருவாவடுதுறை ஆதீனத்தில் கற்ற ஐயருக்கு ஜைனக் கலைச்சொற்கள் விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர்களைத் தேடிச் சென்றார். சிந்தாமணியைப் பக்தியோடு ஓதி, ஓதி முடித்த நாளை வீட்டில் விழாவாகக் கொண்டாடிய குடும்பத்தினர் அவர்கள். வேற்றுச் சமயத்தவரிடம் நம் ஏட்டைத் திறக்கலாமா என்ற தயக்கம் எழுந்திருந்தால் வியப்பில்லை. சைவ, சமண வாதங்களின் நினைவு எளிதில் அழிவதன்று. ஆயினும் அவர்கள் கதவைத் திறந்தார்கள், ஐயங்களைத் தீர்த்தார்கள். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஏடு செல்லரிக்கும், அச்சு நிற்கும் என்ற கால உணர்வு அவர்களிடம் இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

அடுத்த தலைமுறையில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் வந்தார். இந்தியக் கல்விப் பணியில் இருந்த அவர் 1920-இல் பஞ்சாஸ்திகாய சாரத்தை ஆங்கிலத்தில் தந்தார். 1936-இல் நீலகேசியை உரையுடன் பதிப்பித்தார். 1950-இல் அவருடைய சமயசார மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பொன்னூர் மலையில் தவம் செய்ததாகப் போற்றப்பெறும் குந்தகுந்தரின் வாக்கு உலகின் கல்வி நிலையங்களுக்குள் புகுந்தது. உடை மாறியது, மொழி மாறியது, பொருள் மாறவில்லை.

ஜீவபந்து டி. எஸ். ஸ்ரீபால் சென்ற வழி இன்னும் கடினமானது. கோயில் திருவிழாக்களில் ஆடும் கோழியும் பலியிடப்படுவதைத் தடுக்க அவர் திருவிழா நடக்கும் ஊர்களுக்கே சென்று மக்களிடம் பேசினார். கேட்பவர்கள் சமணர் அல்லர். அவர்கள் வழிபடும் தெய்வமும் சமணர்க்கு உரியதன்று. அங்கே ஆகம வாதம் எடுபடாது. கேட்பவரின் சொல்லிலேயே, கேட்பவரின் தெய்வத்தின் பெயராலேயே பேசியாக வேண்டும். இயக்கம் வளர்ந்து, சென்னை மாகாணத்தில் 1950-இல் விலங்கு, பறவை பலித் தடைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தில் அவருடைய உழைப்புக்குப் பங்குண்டு என்று சமணர் இன்றும் பெருமையுடன் கூறுவர்.

அப்பெருமையோடு பேச்சை முடித்துக்கொள்வது எளிது, நேர்மை ஆகாது. அச்சட்டம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்கியது. 2003-இல் அரசு அதனைக் கடுமையாகச் செயற்படுத்த ஆணையிட்டது. நாட்டார் தெய்வங்களை வழிபடும் மக்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2004-இல் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. இது தோல்வியா? சட்டத்தின் தோல்விதான். ஆயின் ஸ்ரீபால் தொடக்கத்தில் கைக்கொண்ட முறை, ஊருக்குச் சென்று ஒருவர் மனத்தோடு பேசும் முறை, எந்த ஆணையாலும் விலக்க முடியாதது. சட்டம் கைக்கு வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டவர்கள், சட்டம் போனபின் வெறுங்கையோடு நின்றார்கள். ஒரு காலத்துக்கு ஏற்ற கருவி மறுகாலத்துக்கும் ஏற்கும் என்று நம்பியதன் விளைவு அது.

இனி, வேங்கிக்காலுக்கு வரலாம். 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேலூர்ச் சாலையில் வேங்கிக்காலில் உள்ளது. வயலும் ஏரியுமாக இருந்த இடத்தில் நகர்கள் எழுந்தன. வந்தவாசி, போளூர், ஆரணி, செய்யாறு, செஞ்சி வட்டாரங்களின் சிற்றூர்களில் நெல்லும் மணிலாவும் பயிரிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் ஆசிரியராக, அலுவலராக, வங்கி ஊழியராக இத்தகைய நகர்ப்புறங்களில் குடியேறினர். அவர்களுடைய பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் உள்ளனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஜைனர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வந்து வாழ்வோரையும் சேர்த்த எண்ணிக்கை இது. தமிழ்ச் சமணர் அதில் ஒரு பகுதியினரே.

இந்நிலையில் ஒரு சிற்றூர் ஜினாலயத்தை மனக்கண்ணால் காணலாம். முன்பு நாற்பது வீடுகள் இருந்தன, இப்போது நான்கு. அபிஷேகம் செய்ய உபாத்தியாயர் பக்கத்து ஊரிலிருந்து வருகிறார். கோயில் சாவி எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியவரின் வேட்டி முடிப்பில் இருக்கிறது. அவர் பொறுப்பை யாருக்கும் தரமாட்டார். வாங்கிக்கொள்ளவும் ஒருவரும் வருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை விழாவுக்கு வரும் இளைஞன், கணக்கைக் கணினியில் ஏற்றலாமே என்கிறான். பெரியவர் அதனைத் தம்மீது ஐயம் கொண்ட பேச்சாகக் கேட்கிறார். அடுத்த ஆண்டு இளைஞன் வருவதில்லை. இங்கே குற்றவாளி எவரும் இலர். பெரியவர் காத்த சாவி இல்லையேல் அக்கோயில் என்றோ இடிந்திருக்கும். இளைஞன் கேட்டதும் முறையானதே. இருவருக்கும் இடையே நடந்து செல்ல ஒரு காங்கேய உடையார் இல்லை என்பதே குறை.

சில மாற்றங்கள் எளியவை. அவற்றைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. 2020-இல் ஊரடங்கின்போது கோயில்கள் அடைபட்டன. கைபேசி வழியே தோத்திரம் ஓதலாம் என்பதை மூன்று மாதத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்டனர். நந்தீஸ்வர பூசையின் நேரத்தை அலுவலகம் செல்வோர்க்கு ஏற்ப அமைப்பதும், நிர்வாகக் குழுவில் பெண்களை இடம்பெறச் செய்வதும் அத்தகையனவே. விரதத்தைக் காத்து, சமயக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் தாய்மார்களே. கையெழுத்திடும் இடத்தில் மட்டும் அவர்கள் இல்லாதிருப்பதற்கு எந்த ஆகமமும் காரணமன்று.

கடினமானவை வேறு. கதிரவன் மறையுமுன் உண்ணும் ஒழுக்கத்தைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இரவுப் பணி செய்யும் மகளால் காக்க முடியவில்லை. வேற்றுச் சமயத்தில் மணம் செய்துகொண்ட மகன் விழாவுக்கு வந்தால் எங்கே அமர்வது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறான். இங்கு இரண்டு எளிய வழிகள் உள்ளன. இரண்டும் தவறானவை. காலம் மாறிவிட்டது, இரவுண்ணாமை இனித் தேவையில்லை என்று அறிவிப்பது ஒன்று. அது பொன்னில் செம்பைக் கலப்பது. விரதம் காக்காதவர்க்கு இங்கே இடமில்லை என்று கதவை அடைப்பது மற்றொன்று. அது செஞ்சி நாட்டில் நீறு பூசியவர்களின் வாசலுக்குப் போகாமல் உடையார்பாளையத்திலேயே இருந்துவிடுவது. விரதம் விரதமாகவே இருக்கட்டும். அதனைக் காக்க இயலாதவள் விடுமுறை நாளில் ஒரு வேளையேனும் காக்கும்போது அதனை அணுவிரதமாக மதிக்கும் மனம் பெரியோர்க்கு வேண்டும். அணு என்ற சொல்லை முன்னோர் காரணமின்றி வைக்கவில்லை.

வாசலில் நிற்கும் மகனைப் பற்றி இவ்வவையிலேயே இரு கருத்துகள் இருக்கும். இருக்கட்டும். அநேகாந்தம் கற்ற சமூகத்தில் கருத்து வேறுபாடு நோய் அன்று. ஆனால் அம்முடிவை அவன் வாசலில் நிற்கும்போது அவன் செவியில் விழுமாறு எடுக்க வேண்டாம். திண்ணையில் நாய் கட்டிய கூட்டத்தின் பிழை, முடிவில் மட்டும் இல்லை. முடிவை வெளிப்படுத்திய விதத்திலும் இருந்தது.

செய்யத்தக்க ஒரு செயலை இவ்விழாவிலேயே தொடங்கலாம். ஒவ்வோர் ஊர்ச் சங்கத்திலும் உறுப்பினர் பேரேடு ஒன்று இருக்கும். ஆண்டுச் சந்தா செலுத்தாதவர், ஊரைவிட்டுப் போனவர், குடும்பப் பிணக்கால் விலகியவர் ஆகியோரின் பெயர்கள் அதில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும். அடுத்த தசலட்சண பர்வத்துக்கு அழைப்பிதழ் எழுதும் நாளில், பொறுப்பில் உள்ள பெரியவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்து, அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே உள்ள பெயர்களை முதலில் படிக்கட்டும். அவர்களுக்குச் சந்தாப் பாக்கியைக் குறிப்பிடாத அழைப்பிதழ் போகட்டும். அருகில் இருப்பவர்க்கு அஞ்சலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.